விற்பனைப் பயிற்சியும் தலைமைப் பண்பும்: கொல்லிமலையில் ஒரு கோடை

ஏப்ரல் மாதம் பிறந்தால் போதும், எங்கள் கல்லூரி நோட்டீஸ் போர்டில் இடமே இருக்காது. 'சம்மர் இன்டர்ன்ஷிப்', 'லீடர்ஷிப் ஸ்கில்ஸ்', 'இரண்டே மாதத்தில் நீங்களும் டீம் லீடர்' என்று கலர் கலராகக் காகிதங்கள். கிட்டப் போய்ப் படித்தால் வேலை என்னவோ ஒன்றுதான். எதையாவது கொண்டு போய் யாரிடமாவது விற்க வேண்டும்.

விற்பதற்கும் தலைமைப் பண்புக்கும் என்ன சம்பந்தம்? பி.காம். சேர்ந்த நாளிலிருந்தே எனக்கு இந்தச் சந்தேகம் உண்டு. இரண்டாம் ஆண்டு முடிந்த கோடையில் ஒரு மாதம் கொல்லிமலைக்கும் நாமக்கல்லுக்குமாக அலைந்ததில் ஒரு பதில் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது எங்கிருந்து வந்தது?

கோடை விடுமுறையில் மாணவர்களை விற்க அனுப்புவது புதிய யோசனை ஒன்றும் இல்லை. அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் 1855-ல் ஆரம்பித்த ஒரு புத்தக நிறுவனம், 1868-ல் இருந்து கல்லூரி மாணவர்களை வீடு வீடாகப் போய்ப் புத்தகம் விற்க அனுப்பி வருகிறது. இன்றைய பெயர் சவுத்வெஸ்டர்ன் அட்வான்டேஜ். ஆரம்பத்தில் பைபிள் விற்றார்கள், பிறகு பாடத் துணை நூல்கள். மாதச் சம்பளம் கிடையாது. விற்றால் லாபம் மாணவனுக்கு, சாப்பாடு தங்குமிடச் செலவும் மாணவன் தலையில். அடுத்த கோடையில் திரும்பி வருகிறவன் புதிய மாணவர்களைச் சேர்த்து ஒரு குழுவை நடத்தலாம். இதைப் புகழ்கிறவர்களும் உண்டு, நஷ்டத்தை எல்லாம் மாணவன் மேல் ஏற்றுகிறார்கள் என்று திட்டுகிறவர்களும் உண்டு.

நம் ஊரில் வேறு ஒரு மாதிரி இருக்கிறது. அன்றைய ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனம் 1970களில் உத்தரப் பிரதேசத்தில் எட்டா மாவட்டக் கிராமங்களுக்குத் தன் பயிற்சி மேலாளர்களை அனுப்பியது. சோப்பு விற்பதற்கு முன்னால் சில வாரம் கிராமத்து வீட்டில் தங்கு, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிடு, அவர்கள் பிரச்சினையைப் பார் என்பதுதான் பயிற்சி. முதல் மாதிரி 'போய் விற்று வா' என்கிறது. இரண்டாவது 'போய்த் தெரிந்துகொண்டு வா' என்கிறது. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

வேண்டாம் என்று விட்டது

எங்கள் வகுப்பில் ஐந்து பேர் சேர்ந்து இடம் தேடினோம். மூன்று பையன்கள், இரண்டு பெண்கள். முதலில் வந்தது சேலத்தில் ஒரு கம்பெனியின் அழைப்பு. பெயர் வேண்டாம். ஏசி ஹால், கோட்டு போட்ட அண்ணன் ஒருவர், பின்னணியில் உற்சாகமான பாட்டு. ஸ்டார்ட்டர் கிட்டுக்குப் பணம் கட்டிச் சேர வேண்டுமாம். பிறகு மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் நாம் லீடர். அந்த மூன்று பேர் ஆளுக்கு மூன்று பேரைச் சேர்த்தால் நாம் பெரிய லீடர். என்ன பொருள் விற்கிறோம் என்பதைக் கடைசிப் பத்து நிமிடத்தில் சொன்னார்கள்!

வணிகச் சட்டம் படித்ததில் ஒரு லாபம் என்னவென்றால், இந்த மாதிரி இடத்தில் கை தானாக நோட்டை மூடிவிடும். ஆள் சேர்ப்பதன் மேல் ஓடும் பணச் சுழற்சித் திட்டங்களை 1978-ம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் இன்னும் தெளிவு. பிரமிட் திட்டம் கூடாது, சேருவதற்கு நுழைவுக் கட்டணம் வாங்கக் கூடாது, அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் யார் வீட்டுக்கும் விற்கப் போகக் கூடாது. இன்டர்ன்ஷிப் தேடுகிற தம்பி தங்கைகள் இந்த மூன்றை மட்டுமாவது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டீ குடித்துவிட்டு வந்துவிட்டோம். (டீ நன்றாகவே இருந்தது.)

எழுபது வளைவுக்கு மேலே

எங்கள் குழுவில் ஒரு தோழிக்குக் கொல்லிமலையில் உறவினர்கள் உண்டு. அவள் மூலம் அங்கே ஒரு பெண்கள் குழுவோடு பேசி, ஒரு மாதம் அவர்கள் பொருளை விற்றுத் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டோம். சாமை, தினை, கேழ்வரகு மாவு, கொஞ்சம் மிளகு, கொஞ்சம் காபித் தூள்.

தெரியாதவர்களுக்காக: கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. உயரம் சுமார் 1000 முதல் 1300 மீட்டர். சேந்தமங்கலம் வழியாக வந்து அடிவாரமான காரவள்ளியைத் தாண்டினால் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு வளைவு நம்பர் போட்டிருப்பார்கள். முப்பதுக்கு மேல் எண்ணுவதை நிறுத்திவிட்டு சாமியைக் கும்பிட ஆரம்பித்துவிடுவோம். மேலே சுற்றுலா வருகிறவர்கள் ஆகாய கங்கை அருவி, அறப்பளீஸ்வரர் கோயில் என்று பார்த்துவிட்டுச் சோளக்காட்டில் பழம் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. கடையெழு வள்ளல்களில் ஒருவர், வில்லுக்குப் பேர் போனவர். தலைவன் என்றால் இப்படித்தான், கையில் ஆயுதமும் வாயில் கட்டளையுமாக இருக்க வேண்டும் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்ததுண்டு.

முதல் மூன்று நாள் எங்களை விற்கவே விடவில்லை. "முதல்ல சாமையைக் குத்திப் பாருங்க கண்ணு, அப்பறம் விப்பீங்க" என்றார் குழுவின் மூத்த அம்மா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் உரலும் உலக்கையும் நிஜமாகவே வந்துவிட்டது.

சாமை அரிசி மாதிரி லேசில் உமி கழன்று வராது. மணி சிறிசு, உமி இறுக்கம். குத்திப் புடைத்து, மறுபடி குத்திப் புடைத்து, ஒரு படி அரிசி பார்ப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். இதற்கெல்லாம் இப்போது மில் இருக்கிறது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இந்த மலையில் சிறுதானியங்களுக்காக வேலை செய்து வருகிறது. உமி நீக்கும் எந்திரங்கள், விதை வங்கிகள், பெண்கள் குழுக்கள் மூலம் மதிப்புக் கூட்டிய பொருட்கள் என்று பல வழியில் முயன்றிருக்கிறார்கள். குத்துகிற கஷ்டம் ஒழிந்தால்தான் பெண்கள் சாமையை விடாமல் வைத்திருப்பார்கள் என்பது அவர்கள் கண்டுகொண்ட விஷயம்.

ஆனாலும் மலையில் சிறுதானியப் பரப்பு பல வருடமாகச் சுருங்கித்தான் வந்திருக்கிறது. அந்த இடத்தில் மரவள்ளி வந்தது. எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்போம். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிற சரக்கு. 1981-ல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவு சங்கம் சேலத்தில் இருக்கிறது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது. அதாவது கிழங்குக்கு ஆலை, ஏலம், பெயர் எல்லாம் இருக்கிறது.

நான் அந்த அம்மாவிடம் பாடப் புத்தகத்தில் வருகிற மாதிரி கேட்டேன். "சாமை சத்தானது, மழை கம்மியானாலும் விளையுது, அப்புறம் ஏங்கம்மா விட்டாங்க?"

"கெழங்குக்கு லாரி காட்டுக்கே வருது கண்ணு. சாமைக்கு யாரு வர்றா?"

ஒரு மாதத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த மார்க்கெட்டிங் வகுப்பு இந்த ஒரு வரிதான். எதை விதைப்பது என்று தீர்மானிப்பது மண்ணும் மழையும் மட்டும் இல்லை. கடைசியில் யார் வாங்க வருகிறார்கள் என்பதும்தான். நாங்கள் மே மாதம் விற்றது போன பருவத்துச் சாமை. பருவமழை பிடித்ததும் அடுத்த விதைப்பு. வீட்டில் பழைய சாமை மூட்டை அப்படியே கிடந்தால், காட்டில் குச்சிக்கிழங்குதான் ஊன்றுவார்கள். இது புரிந்த பிறகு எங்கள் டார்கெட் வெறும் நம்பராகத் தெரியவில்லை.

கீழே இறங்கி விற்றது

வாரத்தில் நான்கு நாள் நாமக்கல், சேந்தமங்கலம், ராசிபுரம் கடைகள். மீதி நாள் மலை மேலேயே சுற்றுலாப் பயணிகளிடம். கடை ஏறி இறங்கியதில் தெரிந்துகொண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, 'வேண்டாம்' என்பதைப் பங்கு போடுவது. முதல் வாரம் எங்களில் நன்றாகப் பேசுகிற ஒருவன்தான் எல்லாக் கடையிலும் பேசினான். மூன்றாம் நாள் அவன் முகம் செத்துப் போய்விட்டது. "வேணாம் தம்பி, அப்பறம் பாக்கலாம்" என்று நாளுக்கு இருபது தடவை கேட்டால் யாருக்கும் அப்படித்தான். கணக்கு எழுதுகிற தோழி ஒரு வழி சொன்னாள். தொடர்ந்து மூன்று கடையில் இல்லை என்று கேட்டவர் நோட்டை வாங்கிக்கொண்டு எழுத வேண்டும், எழுதுகிறவர் பேசப் போக வேண்டும். அன்றிலிருந்து ஐந்து பேருமே பேசினோம். வாயே திறக்காத ஒருவன் ராசிபுரத்தில் ஒரு மளிகைக் கடையில் முதல் ஆர்டர் வாங்கி வந்தான். அன்றைக்கு பரோட்டா அவன் செலவு :)

இரண்டு, பொய் சொல்லாமல் விற்பது. 2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்ததிலிருந்து சிறுதானியம் என்றாலே ஜனங்களுக்கு மருந்து ஞாபகம். "சுகர் இறங்குமா தம்பி?" என்று பத்துப் பேரில் நான்கு பேர் கேட்பார்கள். இறங்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் இரண்டு பாக்கெட் போகும். மாத்திரையை நிறுத்திவிட்டுச் சாமையை மட்டும் நம்பினால் அந்த மனிதர் என்ன ஆவார்? ஐந்து பேரும் உட்கார்ந்து பேசி ஒரு பதிலை முடிவு செய்தோம். "இது நல்ல சாப்பாடுங்க, மருந்து இல்லை. மாத்திரை விஷயம் டாக்டரைத்தான் கேக்கணும்." இதைச் சொன்னதும் பாக்கெட்டைக் கீழே வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. வருத்தம்தான். ஆனால் ஐந்து பேரும் ஒரே பதிலைச் சொன்னோம், டார்கெட் குறைந்த நாளிலும் சொன்னோம். யாரும் மேற்பார்வை பார்க்காத இடத்தில் ஒரு குழு தானே போட்ட விதியைத் தானே காப்பாற்றுவதும் ஒரு தலைமைப் பண்பு என்றுதான் எனக்குப் படுகிறது.

மூன்று, பாக்கெட்டில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்ப்பது. எடை, அதிகபட்ச விலை, பேக் செய்த தேதி, முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண். நல்ல கடைக்காரர் சரக்கை முகர்ந்து பார்ப்பதற்கு முன் இதைத்தான் பார்ப்பார். இவை எல்லாம் சரியாக இருந்ததால் எங்களுக்குப் பேச்சு பாதி மிச்சம்.

நான்கு, வீடுகளுக்குப் போகும்போது நேரம் கேட்டுக்கொண்டு போவது. நாங்கள் நேரடி விற்பனைக் கம்பெனி கிடையாது. ஆனாலும் மேலே சொன்ன விதி நல்ல விதியாகத் தெரிந்தது. கல்லூரி அடையாள அட்டையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, முதல் நாள் வாசலில் நின்றே கேட்டுவிட்டு மறுநாள் போனோம். கதவைச் சாத்தியவர்கள் குறைந்தார்கள்.

நாற்பத்தைந்து நாள் கேள்வி

மூன்றாவது வாரம்தான் நிஜமான பரீட்சை. ஒரு மொத்த வியாபாரி எங்கள் சரக்கு நன்றாக இருக்கிறது என்றார். இருக்கிற சாமை, தினை அத்தனையும் நாற்பதாயிரம் ரூபாய்க்கு எடுத்துக்கொள்கிறேன், பணம் நாற்பத்தைந்து நாள் கழித்து என்றார். மாதக் கடைசி டார்கெட் ஒரே நாளில் முடிந்துவிடும். ரிப்போர்ட்டில் போட்டால் ஹெச்.ஓ.டி. கை குலுக்குவார்.

நாங்கள் பஸ் ஸ்டாண்டில் நின்று சண்டை போட்டோம். நான்கு பேர் (நானும் சேர்த்து) ஆர்டரை எடுக்கலாம் என்றோம். கடன் கொடுக்காமல் எந்த வியாபாரமும் நடக்காது, இது புத்தகத்திலேயே இருக்கிறது. கணக்கு எழுதுகிற தோழி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அந்த நாப்பத்தஞ்சு நாளு யாரோடது?"

அவளே நோட்டில் போட்டுக் காட்டினாள். குழுவிலிருக்கும் பெண்களுக்கு ஜூனில் செலவு வரிசையாக நிற்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிறது, நோட்டுப் புத்தகம், பை. விதைப்புக்கு ஏர் ஓட்ட வேண்டும், கூலி கொடுக்க வேண்டும். கையில் பணம் இல்லையென்றால் நூற்றுக்கு இரண்டு வட்டிக்கு வெளியே வாங்குவார்கள். நாற்பதாயிரத்துக்கு மாதம் எண்ணூறு, ஒன்றரை மாதத்துக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். வியாபாரி எடுத்துக்கொள்வது கடன், அதற்கு வட்டி கட்டுவது மலையிலிருக்கிற அம்மா. வகுப்பில் கடனாளிகள், செயல்பாட்டு மூலதனம் என்று இரண்டு வருடம் படித்தோம். அது ஒரு வீட்டுப் பையனின் ஸ்கூல் பை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சரி, வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிடலாமா? அதற்கும் அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "சரக்கு அவங்களது. அவங்களைக் கேக்காம சரின்னு சொல்லவும் நமக்கு உரிமை இல்ல, வேணாம்னு சொல்லவும் உரிமை இல்ல." வியாபாரியிடம் இரண்டு நாள் அவகாசம் கேட்டுக்கொண்டு மறுபடி எழுபது வளைவு ஏறினோம்.

குழு கூடியது. நாங்கள் இரண்டு பக்கக் கணக்கையும் படித்துக் காட்டினோம். அரைமணி நேரம் அவர்களுக்குள் பேசினார்கள். நடுவில் எங்களை யாரும் கேட்கவே இல்லை! முடிவு இதுதான். மூன்றில் ஒரு பங்கு கடனுக்குக் கொடுக்கலாம், மீதி ரொக்கத்துக்கு மட்டும். "பூராவும் குடுத்தா நாங்க கஷ்டப்படுவோம், ஒண்ணுமே குடுக்காட்டி அடுத்த வருசம் அவரு வரமாட்டாரு" என்றார் மூத்த அம்மா. ஐந்து பி.காம். மாணவர்களுக்கு இந்த மூன்றாவது வழி தோன்றவே இல்லை. வியாபாரி கொஞ்சம் முனகினார், பிறகு ஒத்துக்கொண்டார். மீதிச் சரக்கைக் கடை கடையாகத்தான் விற்றோம். கடைசியில் கொஞ்சம் மிச்சம் நின்றது. அதையும் எண்ணித் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினோம்.

அப்படியென்றால் தலைமைப் பண்பு எது?

ஒரு மாதம் முடிந்து பார்த்தால், எங்களில் அதிகம் விற்றவன் நன்றாகப் பேசுகிறவன்தான். அதை மறுக்க முடியாது. ஆனால் 'உங்கள் டீம் லீடர் யார்?' என்று கல்லூரியில் கேட்டபோது நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் கை காட்டியது கணக்கு நோட்டு வைத்திருந்தவளை. அவளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவள் யாருக்கும் கட்டளை போட்டதும் இல்லை.

விற்பனை ஒருவனுக்குத் தைரியம் கொடுக்கும், பேச்சு கொடுக்கும், அவமானத்தைத் தாங்கப் பழக்கும். இவை எல்லாம் நல்ல விஷயம்தான். தலைமைப் பண்பு வருவது அதற்கு அடுத்த படியில். விற்கிறவன் இரண்டு பேருக்கு நடுவில் நிற்கிறான். ஒரு பக்கம் வாங்குகிறவர், இன்னொரு பக்கம் அதை உண்டாக்கியவர். இரண்டு பேருக்கும் அவன் பதில் சொல்ல வேண்டியிருந்தால் மட்டும்தான் அவனுக்குள் தலைவன் வளர்கிறான். சேலத்து ஏசி ஹாலில் பின்பக்கம் யாருமே இல்லை. முன்னால் சேர்க்க வேண்டிய மூன்று பேர் மட்டும்தான். அங்கே நாங்கள் ஒரு மாதம் இருந்திருந்தால் பேசக் கற்றிருப்போம். நாற்பத்தைந்து நாள் யாருடையது என்று கேட்கக் கற்றிருக்க மாட்டோம். எட்டாவுக்குப் பயிற்சி மேலாளர்களை அனுப்பியவர்களுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

விதைப்பு முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே போயிருந்தேன். ஒரு வீட்டில் கிழங்கு ஊன்ற வைத்திருந்த காட்டில் ஒரு மூலையில் சாமை விதைத்திருந்தார்கள். எங்களால்தான் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். மழையும் நல்ல மழை. ஆனால் பார்த்தபோது சந்தோஷமாக இருந்தது.

இன்டர்ன்ஷிப் தேடுகிறவர்களுக்கு

சேருவதற்கு முன் இந்த நான்கு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

1. சேர நான் பணம் கட்ட வேண்டுமா? ஆம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

2. வருமானம் பொருள் விற்பதிலா, ஆள் சேர்ப்பதிலா?

3. நான் விற்கிற பொருளைச் செய்கிறவர்களை நேரில் பார்க்க முடியுமா? ஒரு நாளாவது அங்கே வேலை செய்ய முடியுமா?

4. விற்காமல் நின்ற சரக்கு யார் தலையில் விழும்? வராத பணம் யார் தலையில் விழும்?

கொல்லிமலைதான் வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊரிலேயே கைத்தறி சங்கம் இருக்கும், பால் சொசைட்டி இருக்கும், மலை ஊர் என்றால் லேம்ப் கூட்டுறவு சங்கம் இருக்கும். போய்க் கேட்டுப் பாருங்கள். விற்றுக் கொடுக்கிறேன் என்று வருகிற பிள்ளைகளை வேண்டாம் என்று சொல்கிறவர்கள் குறைவு.

ஆனால் கொல்லிமலைக்கே போவதாக இருந்தால் ஒரே ஒரு அறிவுரை. காரவள்ளியில் பஸ் ஏறுவதற்கு முன் இட்லியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பொங்கல், வடை எல்லாம் எழுபதாவது வளைவுக்கு அப்புறம்.